தாகத்தின் கணக்கை எழுதிய மருத்துவர் ஜேம்ஸ் கேம்பிள்

சோறு, ரொட்டி, சீனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறைச்சி, முட்டை, கொழுப்பு என்று உண்ணும் கீட்டோ உணவுமுறை இன்று மாணவர்களிடையேயும் பரவியிருக்கிறது. தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் பலர். அதே வாரத்தில் நாக்கு வறள்கிறது, தாகம் எடுக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாலும் அது உடலில் தங்குவதாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இந்தக் கேள்விக்கான விடையின் முதற்பகுதி ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. எடை குறைக்க விரும்பியவர்களை ஆராய்ந்து கிடைத்த விடை அன்று அது. வலிப்பு நோயால் துன்பப்பட்ட நான்கு குழந்தைகளைக் கவனித்ததில் கிடைத்தது. கவனித்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் லாடர் கேம்பிள். உலகின் எந்த மூலையில் மருத்துவம் படிப்பவராக இருந்தாலும் அவர் பெயரால் வழங்கும் கேம்பிள் வரைபடத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்.

கெண்டக்கியிலிருந்து ஹார்வர்டுக்கு

கேம்பிள் 1883ஆம் ஆண்டு அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் மில்லர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். மேற்குக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் நாட்டின் மறுகோடிக்குச் சென்று ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1910இல் மருத்துவரானார். குழந்தை மருத்துவமே அவர் தேர்ந்தெடுத்த துறை.

அந்தக் காலத்துக் குழந்தை வார்டுகளின் நிலையை இன்று கற்பனை செய்வது கடினம். கோடைக்காலம் வந்தால் வயிற்றுப்போக்கு கைக்குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகும். கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, அழுவதற்கும் கண்ணீர் இல்லாமல் குழந்தைகள் கிடக்கும். உடலிலிருந்து நீர் போய்விட்டது என்பதை எந்த மருத்துவராலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியும். ஆனால் நீருடன் சேர்ந்து வேறு என்ன போனது, எவ்வளவு போனது, எதை எந்த அளவில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியாது.

இந்த அறியாமைதான் கேம்பிளை நோயாளியின் கட்டிலருகிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றது. குருதியையும் சிறுநீரையும் வேதியியல் முறையில் அளந்து பார்க்கும் கலை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. ஹார்வர்டில் ஆட்டோ ஃபோலின், லாரன்ஸ் ஹெண்டர்சன் போன்ற அறிஞர்கள் அதில் முன்னணியில் இருந்தனர். மருந்துச் சீட்டு எழுதுவதைவிட முதலில் அளக்கக் கற்றுக்கொள்வதே தேவை என்று கேம்பிள் முடிவெடுத்தார். 1915இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஜான் ஹவ்லாண்டின் குழுவில் இணைந்தார்.

பட்டினியே மருந்தான காலம்

அந்நாளில் வலிப்பு நோய்க்கு நல்ல மருந்துகள் மிகக் குறைவு. மிச்சிகன் மாநிலத்தில் ஹியூ காங்க்லின் என்பவர், நோயாளிகளைத் தண்ணீர் மட்டும் கொடுத்துப் பல நாட்கள் பட்டினி போட்டால் வலிப்பு குறைகிறது என்று சொல்லி, அதையே சிகிச்சையாகவும் அளித்துவந்தார். ஜான் ஹவ்லாண்டின் சகோதரர் நியூயார்க்கில் வசதி படைத்த வழக்கறிஞர். அவருடைய மகனுக்கு வலிப்பு நோய் இருந்தது; பட்டினிச் சிகிச்சைக்குப் பிறகு அச்சிறுவனின் நிலையில் முன்னேற்றம் தெரிந்தது. வியந்துபோன தந்தை, இதன் அறிவியல் அடிப்படை என்ன என்று கண்டறியும்படி தம் சகோதரரிடம் 5,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணி கேம்பிளின் கைக்கு வந்து சேர்ந்தது.

அதே காலக்கட்டத்தில், 1921இல், மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரஸல் வைல்டர் வேறொரு யோசனையை முன்வைத்தார். பட்டினி கிடக்கும்போது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அப்போது கீட்டோன்கள் என்னும் பொருள்கள் உருவாகின்றன. குழந்தையைப் பட்டினி போடாமல், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவைக் கொடுத்தாலும் அதே நிலையை உண்டாக்கலாமே என்பது அவர் எண்ணம். அதற்கு அவர் சூட்டிய பெயரே கீட்டோ உணவுமுறை. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் பேசப்படும் கீட்டோ, வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கான மருத்துவமாகப் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான்கு குழந்தைகள் சொன்ன செய்தி

கேம்பிளும் அவருடன் பணியாற்றிய ரோஸ், டிஸ்டால் ஆகியோரும், சிகிச்சைக்காகப் பட்டினி இருந்த நான்கு குழந்தைகளை நாள் தவறாமல் கவனித்தனர். உடல் எடை, குடித்த நீர், வெளியேறிய சிறுநீர், அதிலிருந்த சோடியம், பொட்டாசியம், நைட்ரஜன், அமிலங்கள், அம்மோனியா என அனைத்தையும் அளந்து எழுதினர். ஒரு மாதிரியைக் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் முடிவு வருகின்ற வசதி அன்று இல்லை. சோடியத்தை மட்டும் பிரித்து நிறுப்பதே மணிக்கணக்கான வேலை. ஆய்வின் முடிவுகள் 1923இல் வெளிவந்தன.

அவர்கள் கண்டது இதுதான். பட்டினியின் தொடக்க நாட்களில் குழந்தைகளின் எடை வேகமாகக் குறைந்தது. ஆனால் குறைந்தது கொழுப்பும் தசையும் மட்டும் அன்று, பெரும்பகுதி நீர். அந்த நீரும் வெறும் நீராக வெளியேறவில்லை, உப்புகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டு வெளியேறியது.

கேம்பிள் இதை அழகாகக் கணக்கிட்டார். உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கும் நீரில் பொட்டாசியம் மிகுதி. வெளியே, குருதியிலும் திசுக்களின் இடைவெளியிலும் இருக்கும் நீரில் சோடியம் மிகுதி. ஆகவே சிறுநீரில் வெளியேறிய பொட்டாசியத்தைக் கொண்டு உயிரணுக்களின் உள்ளிருந்து எவ்வளவு நீர் போனது என்றும், சோடியத்தைக் கொண்டு வெளியிலிருந்து எவ்வளவு போனது என்றும் மதிப்பிடலாம். ஒரு குழந்தையின் எடைக்குறைவை இவ்வாறு பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டியது அந்தக் காலத்தில் பெரிய சாதனை.

உப்பு ஏன் வெளியேறுகிறது என்பதற்கும் அவரிடம் ஒரு விடை இருந்தது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களில் முக்கியமானவை அமிலங்கள். சிறுநீரகம் அவற்றை வெளியேற்றும்போது, ஈடாகச் சோடியமும் பொட்டாசியமும் உடன் செல்ல வேண்டியிருக்கிறது. நாட்கள் செல்லச் செல்லச் சிறுநீரகம் அம்மோனியாவை மேலும் மேலும் உற்பத்தி செய்து, சோடியத்திற்குப் பதிலாக அதை அனுப்பத் தொடங்குகிறது. அப்போது உப்பின் இழப்பு குறைகிறது. கீட்டோ தொடங்கியவர்களை முதல் வாரம் அதிகமாக வாட்டுவதற்கும், பிறகு பலருக்கு நிலைமை சீரடைவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் மேலும் இரண்டு காரணங்களைச் சேர்த்தனர். முதலாவது, கல்லீரலிலும் தசைகளிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் கிளைக்கோஜன் கரைகிறது, நீர் விடுபடுகிறது. இரண்டாவது, இன்சுலின். குருதியில் இன்சுலின் குறையும்போது, சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிறுநீரகத்தின் பிடி தளர்கிறது. மூன்றும் ஒன்றுசேர்ந்தால் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைவதில் வியப்பில்லை. அந்த இரண்டு கிலோவில் கொழுப்பின் பங்கு சிறிதுதான்.

வலிப்பு ஏன் குறைந்தது என்ற மூலக் கேள்விக்குக் கேம்பிளால் விடை காண முடியவில்லை. இன்றும் அதற்கு முழுமையான விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தேடிச் சென்ற வழியில் அவர் கண்டெடுத்தது, எண்ணற்ற வேறு நோயாளிகளுக்குப் பயன்பட்டது.

சமமாக நிற்கும் இரு தூண்கள்

1922இல் கேம்பிள் பாஸ்டன் நகருக்குத் திரும்பி, ஹார்வர்டிலும் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் பணியைத் தொடர்ந்தார். அடுத்ததாக அவர் எடுத்துக்கொண்டது வாந்தி. இரைப்பையின் வாயில் அடைபட்டு ஓயாமல் வாந்தி எடுக்கும் நிலையில் உடல் ஏன் இவ்வளவு விரைவில் வறண்டு போகிறது என்று ஆராய்ந்தார். வாந்தியில் குளோரைடும் சோடியமும் சேர்ந்தே இழக்கப்படுகின்றன. இவை திரும்பக் கிடைக்காதவரை உடலால் நீரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது என்பது தெளிவாயிற்று.

இதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? அதுவரை மருத்துவர்கள் குருதியிலுள்ள உப்புகளை மில்லிகிராம் எடையில் எழுதி வந்தனர். எடையில் எழுதினால் ஒன்றுக்கொன்று உள்ள உறவு தெரிவதில்லை. கேம்பிள் எடையை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் சுமக்கும் மின்னூட்டத்தின் அளவில் எழுதினார். இரண்டு தூண்களை அருகருகே வரைந்தார். ஒரு தூணில் நேர்மின்னூட்டம் கொண்டவை: சோடியம் 142, பொட்டாசியம் 5, கால்சியம் 5, மெக்னீசியம் 3. மற்றொன்றில் எதிர்மின்னூட்டம் கொண்டவை: குளோரைடு 103, பைகார்பனேட் 27, எஞ்சியவை பாஸ்பேட், சல்பேட், கரிம அமிலங்கள், புரதம். கூட்டிப் பாருங்கள்; முதல் தூண் 155. இரண்டாவதும் 155. நலமாக இருந்தாலும் நோயுற்றிருந்தாலும் இரு தூண்களும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். எந்தக் கட்டம் சுருங்கியது, எது அதன் இடத்தைப் பிடித்தது என்று பார்த்தாலே நோயாளியின் உடலில் நடந்தது புரிந்துவிடும்.

மின்பகுளி என்று பாடநூல்கள் சொல்லும் இந்த உப்புகளின் சமநிலையை ஒரே பார்வையில் காட்டிய அந்தப் படமே கேம்பிள் வரைபடம். அவருடைய விரிவுரைக் குறிப்புகள் நூலாக வெளிவந்து பல பதிப்புகள் கண்டன. குழந்தை வார்டுகளில் எந்த உப்பை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கணக்கிடும் பழக்கத்தை ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த நூலிலிருந்து கற்றனர்.

கடலில் மிதந்தவர்களுக்காக

இரண்டாம் உலகப் போர் வந்தது. நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தன. உயிர் தப்பியவர்கள் சிறு மிதவைகளில் நாட்கணக்கில் கடலில் தத்தளித்தனர். மிதவையில் வைக்க இடமோ மிகக் குறைவு. அந்தச் சிறிய இடத்தில் குடிநீருடன் எந்த உணவை வைத்தால் மனிதர் அதிக நாள் தாங்குவர் என்ற கேள்வி எழுந்தது. பட்டினியையும் நீரிழப்பையும் 20 ஆண்டுகளாக ஆராய்ந்து வந்த கேம்பிள் இப்பணியில் இறங்கினார்.

மிதவையில் இருப்பவர்களைப் போலவே மிகக் குறைந்த உணவிலும் நீரிலும் இருக்க முன்வந்த தன்னார்வலர்களைக் கொண்டு பாஸ்டனில் ஆய்வு நடந்தது. சத்து மிகுந்தது என்று நாம் நினைக்கும் இறைச்சி அங்கே பொருந்தாது. புரதம் சிதைந்தால் யூரியா உண்டாகும். யூரியாவைக் கழுவி வெளியேற்றச் சிறுநீரகம் நீரைச் செலவழிக்கும். கடல்நீரும் உதவாது. அதிலுள்ள சோடியம் நம் குருதியில் இருப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடுதலான நீரை உடல் இழக்க நேரும்.

கேம்பிள் கண்ட விடை எளிமையானது: சர்க்கரை. நாளொன்றுக்கு வெறும் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தபோது, முழுப் பட்டினியோடு ஒப்பிட உடலின் புரதச் சிதைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கீட்டோன்கள் அடங்கின. சோடியமும் நீரும் வெளியேறுவது தணிந்தது. பால்டிமோரில் நான்கு குழந்தைகளிடம் கண்ட பாடத்தின் மறுபக்கம் இது. மாவுச்சத்து முற்றிலும் இல்லாதபோது உடல் உப்பையும் நீரையும் இழக்கிறது. சிறிதளவு கொடுத்தாலே அந்த இழப்பு கட்டுக்குள் வருகிறது.

கேம்பிள் 1959இல் காலமானார். நோயாளிக்கு ஏற்றப்படும் உப்புநீரின் அளவை மருத்துவர் கணக்கிடும் ஒவ்வொரு முறையும் அவர் உழைப்பு பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

மாணவர்களே, கேம்பிளின் வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கீட்டோ தொடங்கியவர் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் தாகம் ஏன் முழுமையாகத் தணிவதில்லை?

உப்பு குறைந்துள்ள உடலில் வெறும் நீரை ஊற்றினால் குருதி நீர்த்துப்போகிறது. மூளை இதை உணர்ந்து, அதிகப்படியான நீரை வெளியேற்றும்படி சிறுநீரகத்திற்குச் சமிக்ஞை அனுப்புகிறது. குடித்த நீர் கழிவறைக்குப் போகிறது. வாய் மீண்டும் வறள்கிறது, மீண்டும் குடிக்கிறோம். அளவுக்கு மீறிப் போனால் குருதியில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரையிலும் கொண்டுபோகலாம். ஆகவே ஒரே நேரத்தில் லிட்டர் கணக்கில் குடிப்பது தீர்வாகாது. தாகத்திற்கேற்பச் சிறிது சிறிதாகக் குடிப்பதும், உணவிலிருந்து உப்பை அடியோடு நீக்காமல் இருப்பதும், ஒரு கிண்ணம் தெளிந்த சூப் அருந்துவதும், கீரை, அவகாடோ போன்ற பொட்டாசியமும் மெக்னீசியமும் உள்ளவற்றைச் சேர்ப்பதும் நல்ல வழிகள். நம் நாட்டு வெயிலில் விளையாட்டுத் திடலில் வியர்வை சிந்துபவர்களுக்கு உப்பின் இழப்பு இன்னும் கூடுதல் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அதற்காக உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று பொருளில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுவான அறிவுரை. உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. பொட்டாசிய மாத்திரைகளை எவருமே மருத்துவர் சொல்லாமல் விழுங்கக் கூடாது. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடம் மாறும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும் வேறோர் ஆபத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வளரும் வயதிலுள்ள மாணவர்கள் எடைக் குறைப்பிற்காக இத்தகைய உணவுமுறையைத் தாமாகத் தொடங்குவதே சரியன்று. வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உண்ணும் குழந்தைகளை இன்றும் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்; குருதிப் பரிசோதனை செய்கிறார்கள்.

எடை பார்க்கும் கருவி ஓர் எண்ணை மட்டுமே காட்டும். அந்த எண் குறைந்ததும் மகிழ்ந்துவிடாமல், குறைந்தது என்ன என்று கேட்டவர் கேம்பிள். கொழுப்பா, தசையா, நீரா, உப்பா என்று பிரித்துப் பார்த்ததால்தான் உயிர்களைக் காக்கும் அறிவு கிடைத்தது. அடுத்த முறை உங்கள் நண்பர் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று சொன்னால், அவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.